ஏலத்துக்கு வந்த ரெண்டு திரை மிஷின்

கட்டிலை ஒட்டின மேசையின் டிராயரை வேதசிரோமணி இடது கையால் இழுத்துப் பார்த்தார். மாத்திரை டப்பா இருந்தது, கண்ணாடிக் கூடு இருந்தது, மிஷினைக் காணோம். அதன் சார்ஜரையும் காணோம். மிஷின் மட்டும் இல்லையென்றால், துடைக்க எடுத்தவர்கள் வேறெங்காவது வைத்துவிட்டார்கள் என்று விட்டுவிடலாம். சார்ஜரும் சேர்ந்து போயிருக்கிறது என்றால், யாரோ நன்றாக யோசித்து அனுப்பியிருக்கிறார்கள். ஆயுசு பூராவும் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் உட்கார்ந்து எழுந்த மனுஷனுக்கு இதுகூடவா புரியாது?

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினார். "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரங்க! இதோ காப்பி வந்துட்டே இருக்கு," என்று சமையலறையிலிருந்து பதில் கொடுத்தாள் அவர் மனைவி தபீதாள்.

அவர் காப்பியா கேட்டார்? என் மிஷினை எடுத்தது யார் என்று கேட்டார். அந்த வாக்கியம் மண்டைக்குள் முழுசாக, அட்சரம் பிசகாமல் தயாராக இருந்தது. வாய்க்கு வரும்போது மட்டும் அது இப்படி ஆகிவிடுகிறது. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் முடக்கிப் போட்டபோது, பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் விட்டது, ஜெபத்திலும் வணக்கத்திலும் சொல்லிப் பழகின இந்த ஒரே ஒரு வார்த்தையை. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஸ்தோத்திரம், ஃபேனை நிறுத்து என்றாலும் ஸ்தோத்திரம், கொசு கடித்தாலும் ஸ்தோத்திரம். நாக்குக்குப் பழகின ஏதாவது ஒரு சொல் இப்படி ஒட்டிக்கொள்ளும், புத்திக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பினார். புத்திக்குக் குறையில்லை என்கிற அந்தப் பாதியை வீட்டில் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். அவர் வாயைத் திறந்தால் போதும், வாக்கியத்தை அவர்களே முடித்து, பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அன்புதான், யார் இல்லை என்றது? அந்த அன்பில் மனுஷன் மூச்சு முட்டிப்போய்க் கிடந்தார்.

இத்தனைக்கும் வாயாலேயே பிழைத்தவர். பல்லாவரத்தில் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் மேனேஜர். அவரிடம் கொட்டேஷன் கொடுக்க வருகிறவர்கள் வெளியே வராந்தாவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்களாம். எந்தச் சாமான் வாங்குவதானாலும், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று நிறுத்தி, குணம் குற்றம் எல்லாம் எதிரெதிரே போட்டு ஒரு கம்பேரிடிவ் தயார் பண்ணுவார். கிறிஸ்துமஸுக்குத் தங்கச்சிக்கு மிக்ஸி வாங்கினதுகூட அப்படித்தான். அந்தப் பழக்கம் பக்கவாதத்துக்கும் மசியவில்லை. இப்போது காகிதத்தில் எழுதாமல் மண்டைக்குள் எழுதினார், அவ்வளவுதான்.

மிஷின் விஷயத்திலும் அவரிடம் ஒரு கம்பேரிடிவ் இருந்தது. பழைய மிஷின் மகன் மெர்வின் காலேஜ் படிக்கும்போது வாங்கினது. கையடக்கம். சின்னப் புத்தகம் மாதிரி மடங்கும். மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை, கீழ்த்திரையில் ஒரு குச்சியால் தொட்டும் கோடு கிழித்தும் ஆட வேண்டும். தபால்தலை சைஸில் அதற்குக் கேசட்டுகள் உண்டு. கட்டத்துக்குள் எண்களை எழுதி நிரப்புகிற ஒன்று, மீன் பிடிக்கிற ஒன்று, காய் நறுக்கிச் சமைக்கிற ஒன்று, அப்புறம் அவர் உயிரையே வைத்திருந்த ரயில் கேசட். ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குக் குச்சியால் கோடு போட்டால் அது தண்டவாளமாகிவிடும். மலை குறுக்கே வரும், ஆறு வரும், இன்னொரு ரயிலின் பாதை வெட்டும். எல்லாவற்றையும் சுற்றி வளைத்து ரயிலைக் கொண்டு சேர்க்க வேண்டும். ஸ்டேஷன்களுக்கு அவரே மனசுக்குள் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், சிங்கப்பெருமாள் கோவில் என்று பேர் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், கையில் பிடித்து அமுக்கச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரப்பர் பந்தை அவர் ஜன்னல் வழியாக வீசிவிட்டார். எனக்கென்ன பல் முளைக்கிற வயசா என்கிற கோபம். பிறகு ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது தபீதாள் இந்த மிஷினை எடுத்துக் கட்டிலில் போட்டாள். அவர் திறந்தார். முதலில் இடது கை போட்ட கோடு குடிகாரன் நடை மாதிரி போனது. மிஷின் சிரிக்கவில்லை, 'விடுங்க நான் போடறேன்' என்று சொல்லவில்லை, கடிகாரத்தைக் காட்டவில்லை. அவர் கை நின்ற இடத்தில் அதுவும் நின்றது. மழைக்காலம் முடிவதற்குள் கோடு நேராகிவிட்டது. அந்த வீட்டில் அவர் வேலையை அவரிடமே விட்டுவைத்த ஒரே சாமான் அதுதான்.

அப்புறம் அவர் பிறந்த நாளுக்கு மெர்வின் புதுசை வாங்கிக்கொண்டு வந்தான். நாவலூரில் ஐடி கம்பெனியில் வேலை, கை தாராளம், அப்பா மேல் உயிர். "அப்பா, அந்த ஓட்டையை எத்தனை நாளைக்குத்தான் நோண்டுவீங்க? இதைப் பாருங்க!" என்றான். பார்த்தார். குறை சொல்ல முடியாத மிஷின். திரை நாலு மடங்கு பெரிசு, மலையும் கடலும் சினிமா மாதிரி தெரிந்தன, கேசட்டே வேண்டாம், வீட்டு வைஃபையிலேயே நூற்றுக்கணக்கில் இறங்கும். எல்லாம் சரி. இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக், இரண்டு கட்டைவிரலும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். வலது கட்டைவிரலுக்கு அவர் எங்கே போவார்? பழைய கேசட்டை அதில் சொருகவும் வழியில்லை. அதற்கு ஒரே திரை, குச்சி கிடையாது, அந்த ஆட்டங்களும் அதற்கு வரவே இல்லை. "இதுலயும் ரயில் கேம் இருக்குப்பா!" என்று மெர்வின் ஒன்றை இறக்கிக் கொடுத்தான். டிரைவராக உட்கார்ந்து ஓட்டுவது. பிரேக் வலது பக்கம். ரயில் ஒவ்வொரு தடவையும் பிளாட்பாரத்தைத் தாண்டி ஓடியது, உள்ளே இருந்த ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். "குடுங்கப்பா, நான் நிறுத்தறேன்," என்று மகன் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் ஆடினான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மகன் ஆபீஸ் போன பிறகு டிராயரைத் திறந்து பழசை எடுத்துக்கொள்வார்.

இப்போது அந்த டிராயர் காலியாகக் கிடக்கிறது.

தபீதாள் காப்பியோடு வந்தாள். அவர் டிராயரைக் காட்டினார். அவள் மாத்திரை டப்பாவை எடுத்து, "காலை மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தானேங்க," என்றாள். தலையை வேகமாக ஆட்டினார். அவள் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கையில் வைத்தாள். அவர் அதைக் கட்டிலில் விட்டெறிந்தார். "இன்னிக்கு அறுப்பின் பண்டிகை, கோவப்படாதீங்க. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருக்கோம்," என்று சொல்லி அவள் வேட்டியை எடுக்கப் போனாள். முகமெல்லாம் சிரிப்பு. சர்ப்ரைஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் வேதசிரோமணி டிராயரை மறுபடி அடிவரைக்கும் துழாவினார்.

கேம்ப் ரோடுக்கு உள்ளடங்கின அவர்கள் கோயிலில் ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டில் ஷாமியானாவுக்கு அடியில் ஏலம் தொடங்கும். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் வருஷா வருஷம் நடப்பதுதான். சபையார் அவரவர் வீட்டிலிருந்து கொடுத்த பூசணி, வாழைத்தார், கோழி, கேக், குக்கர் எல்லாவற்றையும் நீள மேசையில் அடுக்கியிருப்பார்கள். கமிட்டி மெம்பர் லாசரஸ் மைக்கைப் பிடித்தால் எலுமிச்சம்பழம்கூட ஆப்பிள் விலைக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் அதைத் திரும்பவும் சபைக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. உடனே அது மறுபடி ஏலத்துக்கு வரும், கைதட்டல் விழும். இதில் பெரிய கை வேதசிரோமணிதான். அவரும் அவர் நண்பர் யேசுதாசனும் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏற்றிவிட்டு, ஒரே பூசணிக்காயை மூன்று தடவை விற்கவைத்த வருஷங்கள் உண்டு. எடுத்த எதையும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை.

முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் தபீதாள். மெர்வின் ஒரு புது முகத்தை அழைத்துவந்தான். "அப்பா, இது ஷ்யாம்சுந்தர், என் டீம்மேட். பழைய கேம் மிஷின்னா பைத்தியம். வீட்ல ஒரு ரூம் நிறைய சேர்த்து வெச்சிருக்கான்."

அந்தப் பையன், "வணக்கம் அங்கிள்," என்றான். வேதசிரோமணி அவனைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். குக்கருக்குப் பின்னால் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, அதற்கு ஜிகினாத் தாள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வாழைத்தார் போனது. கோழி போனது. கேக் இரண்டு தடவை போனது. எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாமா? ஊன்றுகோலைப் பிடிக்கத்தான் அந்த ஒரு கை. எடுக்க எந்தக் கை? தபீதாளின் முழங்கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியைக் காட்டினார். அவள் ரகசியம் உடைந்த சந்தோஷத்தில், "கண்டுபிடிச்சிட்டீங்களா? அதேதான்!" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அடுத்தது ரொம்ப ஸ்பெஷல்!" என்று லாசரஸ் ஜிகினாத் தாளைக் கிழித்தான். "நம்ம வேதசிரோமணி அண்ணன் உயிரோட எழும்பி வந்ததுக்காக அவர் குடும்பம் நன்றிக் காணிக்கையா குடுத்தது! பாருங்க, ரெண்டு ஸ்க்ரீன் கேம் மிஷின், கேசட்டோட! கடைல இப்ப கிடைக்காது. தேடினாலும் இல்ல. கேளுங்க!"

ஷ்யாம்சுந்தர் கையைத் தூக்கினான். அவனைத் தவிர வேறு யாரும் தூக்கவில்லை. லாசரஸ் ஒரு தரம் சொல்ல வாயெடுத்தபோது, வேதசிரோமணி ஊன்றுகோலை மடியில் கிடத்திவிட்டு இடது கையை உயர்த்தினார்.

ஷாமியானா முழுக்கத் தலைகள் அவர் பக்கம் திரும்பின. பிறகு பின்வரிசையிலிருந்து யேசுதாசன் எழுந்து, "அடேய், எங்காளு வந்துட்டான்டா! பழையபடி வந்துட்டான்!" என்று குரல் தழுதழுக்கச் சொல்லி, தன் கையையும் உயர்த்தி அவருக்கு மேல் கேட்டார். பாவி மனுஷா, நீ எதுக்குய்யா நடுவில் என்று வேதசிரோமணிக்கு உள்ளே கொதித்தது. மறுபடி கையைத் தூக்கினார். யேசுதாசன் மறுபடி ஏற்றினார். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இத்தனை நாள் கழித்து இரண்டு சிநேகிதர்களும் பழைய விளையாட்டை ஆடுகிறார்களாம்! ஷ்யாம்சுந்தர் மட்டும் விளங்காமல் மெர்வினைப் பார்க்க, மெர்வின் கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கையைக் கீழே போட்டால் போய்விடும் என்று வேதசிரோமணி அதைத் தூக்கினபடியே வைத்திருந்தார். தோள் வலித்தது. கடைசியில் யேசுதாசன் கும்பிட்டு உட்கார்ந்தார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! வேதசிரோமணி அண்ணனுக்கே!" என்றான் லாசரஸ்.

அப்பாடா என்று அவருக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். மிஷினைக் கொண்டுவந்து மடியில் வைப்பார்கள் என்று காத்திருந்தார்.

"அண்ணன் எடுத்த சாமானை என்னிக்காவது வீட்டுக்குக் கொண்டுபோயிருக்காரா? நம்ம அண்ணனாச்சே! வழக்கம்போல அதைத் திரும்ப சபைக்கே குடுக்கறாரு!" என்றான் லாசரஸ். கைதட்டல் ஷாமியானாவைப் பிய்த்துக்கொண்டு போனது. "அண்ணே, சந்தோஷம்தானே?"

"ஸ்தோத்திரம்!" என்று அலறினார் வேதசிரோமணி.

"ஸ்தோத்திரம்!" என்றது சபை முழுக்க.

ஐயோ, இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மறு ஏலம் தொடங்கியது. ஷ்யாம்சுந்தர் கேட்டான். யேசுதாசன் இந்தத் தடவை சும்மா உட்கார்ந்திருந்தார். தன் பங்கு முடிந்துவிட்டது என்று நினைத்தார் போல. வேதசிரோமணி கையைத் தூக்கினார். "போதும்ங்க, அந்தத் தம்பி ஆசைப்படுது, எடுத்துக்கட்டும்," என்று தபீதாள் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பையனுக்குச் சபை வழக்கம் எதுவும் தெரியாது. எடுத்தால் எடுத்ததுதான், பைக்குள் போட்டுக்கொண்டு ஜிஎஸ்டி ரோடில் போய்க்கொண்டே இருப்பான். அவன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பத்தோடு பதினொன்றாக அது உட்கார்ந்திருக்கும்.

"ஒரு தரம்!"

கையை உருவிக்கொண்டு, ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். "எங்கங்க? பாத்ரூமா?" என்றாள் தபீதாள். மெர்வின் பிடிக்க ஓடிவந்தான், அவனைத் தோளால் தள்ளினார். வலது கால் மண்ணில் கோடு இழுத்தது. மேசை பத்தடி தூரம்கூட இல்லை, ஆனால் அவருக்கு அது செங்கல்பட்டு வரைக்கும் நீண்டது.

"ரெண்டு தரம்! இதோ அண்ணனே எழும்பி வர்றாரு, தன் கையாலேயே தம்பிக்குக் குடுக்கப்போறாரு! தட்டுங்க கையை!"

மேசைக்கு வந்துவிட்டார். இடுப்பை அதன் விளிம்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஊன்றுகோலைக் கீழே போட்டார். அது தரையில் விழுந்த சத்தத்தில் எல்லோரும் பதறினார்கள். காலியான இடது கையால் லாசரஸின் கையிலிருந்த மிஷினைப் பிடித்தார். லாசரஸ் சிரித்துக்கொண்டே விடாமல், "இருங்கண்ணே, இன்னும் மூணு தரம் சொல்லல," என்று தன் பக்கம் இழுத்தான். அவர் இழுத்தார். அவன் குழந்தையிடம் விளையாடுவதுபோல இன்னும் கொஞ்சம் இழுத்தான். மைக் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் இருந்தது.

"போடா பேமானி!"

அது ஸ்பீக்கர் வழியாக ஷாமியானா முழுக்கப் போய், கோயில் சுவரில் மோதித் திரும்பி வந்தது. காப்பி ஸ்டாலில் கரண்டிச் சத்தம் நின்றது. அங்கி போட்டபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயர் நிமிர்ந்தார். யார் சொன்னது என்று வேதசிரோமணியே சுற்றும்முற்றும் பார்த்தார். தொண்டை எரிந்தது. சொன்னது தான்தான் என்று தெரிந்ததும் மேசை விளிம்பில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

லாசரஸ் பிடியை விட்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை, பேயறைந்ததுபோல நின்றான். "அண்ணே, பேசிட்டீங்களே," என்றான் மெதுவாக. மைக்கை அணைக்கவும் மறந்துவிட்டான்.

ஷ்யாம்சுந்தர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "மெர்வின், எனக்கு வேணாம்டா. அங்கிளோடது அது. பார்த்தா தெரியல?"

மெர்வினுக்குத் தெரியவில்லைதான். வேதசிரோமணி மிஷினை மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் மூடியைத் திறந்தார். பல நாள் பழகின லாகவம். மேசையில் வைத்து, குச்சியை உருவி, பாதியில் விட்டிருந்த ரயிலுக்குக் கோடு போட்டார். ஆற்றைச் சுற்றி, மலையை ஒட்டி, இன்னொரு பாதையில் இடிக்காமல், நடுங்காமல் கோடு போய்ச் சேர்ந்தது. மெர்வின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். "இது உங்களால முடியும்னு எனக்குத் தெரியாதேப்பா. ஒரு வார்த்தை கேட்காம தூக்கிக் குடுத்துட்டேனே," என்று சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டிருக்கலாம்தானே மடையா என்று வேதசிரோமணி உள்ளுக்குள் திட்டினார். திட்டும்போது அவருக்கும் கண்ணில் நீர் முட்டியது.

தபீதாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு வருஷமாக அவர் வாயிலிருந்து ஒரு சண்டை வார்த்தை கேட்காமல் அவள் எப்படித் தவித்தாள் என்று அவருக்குத் தெரியாது, அவளும் சொன்னதில்லை. ஆயர் பக்கத்தில் நிற்கிறாரே, சபையே பார்க்கிறதே என்கிற எண்ணம் எதுவும் அவளுக்கு இல்லை. அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, இன்னொரு தரம் திட்டுங்க. என்னைத் திட்டுங்க. உங்களைக் கேட்காம எடுத்து வெச்சவ நான்தான், என்னைத் திட்டுங்க!"

வேதசிரோமணி குச்சியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். சொல்வதற்கு ஒரு வருஷத்துச் சரக்கு உள்ளே கிடந்தது. வாயைத் திறந்தார், உதடு கோணியது, சத்தம் இன்னும் வரவில்லை. அவருக்குப் பதிலாக யாரும் எதையும் சொல்லவில்லை. தபீதாளும் மெர்வினும் லாசரஸும் அத்தனை பேரும் அப்படியே காத்துக்கொண்டு நின்றார்கள்.